காதல் நாவல் படமாகும்போது வாசகர் எதிர்பார்ப்பது என்ன?

துப்பறியும் நாவலைப் படித்துக்கொண்டிருப்பவரிடம் முடிவைச் சொல்லிவிட்டால் அவர் கோபித்துக்கொள்வார். காதல் நாவலில் அந்தக் கோபத்துக்குப் பெரும்பாலும் இடமில்லை. அட்டையைப் பார்க்கும்போதே இந்த இருவரும் கடைசியில் சேர்ந்துவிடுவார்கள் என்று வாசகருக்குத் தெரிந்துவிடுகிறது. அமெரிக்கக் காதல் நாவலாசிரியர்களின் சங்கம் இந்த வகை நாவலை இரண்டே அம்சங்களைக் கொண்டு வரையறுக்கிறது: கதையின் மையத்தில் ஒரு காதல் இருக்க வேண்டும், முடிவு மனநிறைவும் நம்பிக்கையும் தருவதாக அமைய வேண்டும். முடிவு இவ்வாறு முன்பே உறுதியாகிவிட்ட கதையை வாசகர்கள் முந்நூறு, நானூறு பக்கங்கள் விடாமல் படிப்பதற்குக் காரணம், அந்த இருவரும் எப்படிச் சேர்கிறார்கள், அதைவிட முக்கியமாக, ஏன் இவ்வளவு நாள் சேராமல் இருக்கிறார்கள் என்பதை அறியும் ஆவல்தான்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டால், புகழ்பெற்ற காதல் நாவல் ஒன்று படமாகும்போது எழும் மகிழ்ச்சியையும் ஏமாற்றத்தையும் புரிந்துகொள்வது எளிது. 'நாவலில் இருந்தது படத்தில் இல்லை' என்று வாசகர்கள் குறைபடும்போது, விடுபட்ட சம்பவங்களைத்தான் பட்டியலிடுகிறார்கள். ஆனால் சற்று விசாரித்துப் பார்த்தால், அவர்களை உண்மையில் வருத்துவது அந்தச் சம்பவத்தின் இழப்பைக் காட்டிலும், அது சுமந்துவந்த காரணத்தின் இழப்பு என்பது தெரியும். அவள் ஏன் அவனை வெறுத்தாள், எந்த நொடியில் அந்த வெறுப்பு தளர்ந்தது, அவன் ஏன் சொல்லவந்ததைச் சொல்லாமல் திரும்பிப் போனான் என்ற படிகள் ஒவ்வொன்றும் மனத்தில் பதிந்திருக்க, படத்தில் இரண்டு படிகள் விட்டுப்போனால் மூன்றாவது படியில் நிற்கும் காதலை நம்ப முடிவதில்லை. திரைத்தழுவல் வாசகரின் எதிர்பார்ப்பை நிறைவேற்றுகிறதா என்ற கேள்வியை, இந்தப் படிகளைப் படம் எவ்வாறு கையாள்கிறது என்ற கேள்வியாகவே நான் பார்க்கிறேன்.

பக்கங்களும் நிமிடங்களும்

முதல் தடை நேரம். திரைக்கதையின் ஒரு பக்கம் திரையில் ஏறத்தாழ ஒரு நிமிடம் ஓடும் என்பது திரைத்துறையில் பழகிப்போன கணக்கு. இரண்டு மணி நேரப் படத்துக்கு நூற்றிருபது பக்கத் திரைக்கதை போதும். நானூறு பக்க நாவலை உரக்கப் படித்தால் பத்து மணி நேரத்துக்கும் மேலாகலாம். ஆகவே எதையும் வெட்டாத தழுவல் என்று ஒன்று கிடையாது. எதை வெட்டுவது என்பதில்தான் திறமை இருக்கிறது.

மார்கரெட் மிட்செல் எழுதி 1936-இல் வெளிவந்த 'கான் வித் த விண்ட்' ஆயிரம் பக்கங்களைத் தாண்டிய நாவல். 1939-இல் வந்த படம் ஏறத்தாழ நான்கு மணி நேரம் ஓடியும் முழுக் கதையையும் அடக்க முடியவில்லை. நாவலில் கதாநாயகி ஸ்கார்லெட்டுக்கு மூன்று திருமணங்களின் வழியே மூன்று குழந்தைகள். படத்தில் மூன்று திருமணங்களும் உண்டு, குழந்தையோ மூன்றாவது கணவன் ரெட் பட்லருக்குப் பிறந்த பெண் குழந்தை மட்டுமே. முதல் இரண்டு குழந்தைகளும் சுவடில்லாமல் மறைந்துவிட்டார்கள். தாய்மையில் நாட்டமில்லாத ஸ்கார்லெட்டின் ஒரு முகம் இதனால் மங்கியது உண்மைதான். இருந்தாலும் ஸ்கார்லெட், ரெட், அவள் வெகுகாலம் மனத்தில் வைத்திருந்த ஆஷ்லி ஆகிய மூவருக்கும் இடையிலான இழுபறி அந்த இரு குழந்தைகளைச் சார்ந்து நகரவில்லை. எஞ்சிய மகளோ அப்படியல்லள். அவளுடைய மரணம்தான் ரெட்டையும் ஸ்கார்லெட்டையும் நிரந்தரமாகப் பிரிக்கிறது. காதலின் போக்கை மாற்றும் குழந்தையை வைத்துக்கொண்டு மற்ற இருவரையும் விட்டிருக்கிறார்கள். இரக்கமற்ற வெட்டுதான், ஆனால் எதை வெட்டக்கூடாது என்று தெரிந்து வெட்டியது.

காதல் நாவலில் வெட்டுவதற்கு மிகவும் ஆபத்தான பகுதி நடுப்பகுதி. தொடக்கத்தில் சந்திப்பும் இறுதியில் இணைவும் இருப்பதால் அவற்றை எந்தத் திரைக்கதையாசிரியரும் தொடமாட்டார். நடுவில் 'ஒன்றும் நடக்காத' நாள்கள் இருக்கும். இருவரும் ஒரே அலுவலகத்தில் எதிரெதிர் மேசையில் உட்கார்ந்திருப்பார்கள், ஒருவர் மற்றவரின் சிறு பழக்கங்களைக் கவனிப்பார், ஒரு தவறான புரிதல் மெல்ல நிமிர்ந்துவரும். கதைச்சுருக்கம் எழுதினால் இந்தப் பகுதிக்கு ஒரு வரிகூடத் தேவைப்படாது. ஆனால் வாசகர் அதிக நேரம் வாழ்ந்தது அங்கேதான், காத்திருப்பின் சுவை ஊறியதும் அங்கேதான். அதை ஒரு பாடலுக்குள் அடைத்து, இருவரும் சிரிப்பதும் நடப்பதுமாக மூன்று நிமிடங்களில் கடந்துவிடும் படங்கள், நாவலின் எல்லாச் சம்பவங்களையும் வரிசை மாறாமல் காட்டினாலும், 'ஏதோ அவசரப்பட்டுவிட்டார்கள்' என்ற எண்ணத்தை வாசகரிடம் ஏற்படுத்துகின்றன.

மனக்குரலை எங்கே வைப்பது?

நேரத்தைவிடக் கடினமான தடை ஒன்று உண்டு. காதல் நாவலின் பெரும்பகுதி ஒருவருடைய மனத்துக்குள் நடக்கிறது. கேமராவோ முகத்தைத்தான் காட்டும், மனத்தைக் காட்டாது. நாவலாசிரியர் 'அவன் பெயரைக் கேட்டதும் அவளுக்குக் கோபம் வந்தது, அந்தக் கோபம் தன் மீதுதான் என்பது அவளுக்கு வெகுநேரம் கழித்தே புரிந்தது' என்று ஒரே வாக்கியத்தில் எழுதிவிடுவார். இயக்குநர் இதை எப்படிப் படமாக்குவார்?

எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி பின்னணிக் குரல். பெண்ணே தன் கதையைச் சொல்லும் 'ட்வைலைட்' நாவல் 2008-இல் படமானபோது, கதாநாயகி பெல்லாவின் குரல் கதையின் ஊடே ஒலித்தது. வாசகருக்கு நன்கு பழகிய குரலைத் திரையில் கேட்பது ஆறுதல்தான். எனினும் இந்த உத்திக்கு ஓர் எல்லை இருக்கிறது: பார்வையாளர் தாமாகவே முகத்தில் படித்துக்கொண்டிருக்கும் உணர்ச்சியைக் குரலும் சொல்லத் தொடங்கினால், இரண்டில் ஒன்று மிகையாகிவிடும்.

இதைக் கையாளும் வேறு வழிகளைக் கற்றுக்கொள்ள ஜேன் ஆஸ்டினின் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' மிகச் சிறந்த பாடம். 1813-இல் வெளிவந்த அந்த நாவல் பலமுறை படமாகவும் தொடராகவும் வந்துவிட்டதால், ஒரே கட்டத்தை வெவ்வேறு கலைஞர்கள் எப்படித் தீர்த்தார்கள் என்று ஒப்பிட முடிகிறது. தன்னை மணக்கக் கேட்ட டார்சியை மறுத்து அனுப்பிய நாயகி எலிசபெத்துக்கு அடுத்த நாள் காலை அவனிடமிருந்து ஒரு நீண்ட கடிதம் கிடைக்கும். அதன் பிறகு ஓர் அத்தியாயம் முழுவதும் அவள் அந்தக் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கிறாள், முதலில் நம்ப மறுக்கிறாள், பிறகு ஒவ்வொன்றாக நினைவுபடுத்திப் பார்க்கிறாள், கடைசியில் தன் கணிப்பே தவறு என்று வெட்கப்படுகிறாள். வெளியே எதுவும் நடக்கவில்லை. ஆனால் நாவலின் முதுகெலும்பே அந்த அத்தியாயம்தான்.

ஜோ ரைட் இயக்கிய 2005 படத்தில் இந்த இடத்தைக் கவனித்துப் பாருங்கள். நாவலில் டார்சி நடைபாதையில் காத்திருந்து கடிதத்தைக் கையில் கொடுத்துவிட்டுப் போகிறான். படத்திலோ எலிசபெத் கண்ணாடி முன்னால் அசையாமல் நிற்கிறாள். அவள் முகம் நம்மை நோக்கி இருக்கிறது. அறையின் வெளிச்சம் மெல்ல மாறி, எவ்வளவு நேரமாக இப்படியே நிற்கிறாள் என்று உணர்த்துகிறது. அவளுக்குப் பின்னால் டார்சி வந்து கடிதத்தை வைத்துவிட்டுச் செல்கிறான். அதன் பிறகே அவன் குரலில் கடிதத்தின் சொற்கள் கேட்கின்றன. ஓர் அத்தியாயத்து மனப்போராட்டத்தை இந்தச் சில நிமிடங்கள் முழுமையாகத் தந்துவிட்டன என்று சொல்ல மாட்டேன். ஆனால் தன்னையே பார்த்துக்கொண்டு நிற்கும் பெண் என்ற ஒரே காட்சியில், 'இதுவரை நான் என்னை அறிந்திருக்கவில்லை' என்று நாவலில் அவள் அடையும் தெளிவு அடங்கியிருக்கிறது. இடமும் முறையும் மாறியிருந்தாலும் அந்தப் படி விட்டுப்போகவில்லை.

அதே படத்தில் நாவலில் இல்லாத சிறு தருணம் ஒன்று வருகிறது. எலிசபெத் வண்டியில் ஏறும்போது டார்சி கை கொடுத்து ஏற்றிவிடுகிறான். பேச்சு இல்லை. அவன் திரும்பி நடக்கும்போது அந்தக் கை மட்டும் நெருக்கக் காட்சியில் வருகிறது. விரல்கள் ஒருமுறை விரிந்து அடங்குகின்றன. அவ்வளவுதான். நாவலைப் பலமுறை படித்த ரசிகர்கள்கூட 'இது நூலில் இல்லையே' என்று குறைபடாமல், இதையே படத்தின் மிகச் சிறந்த தருணமாக இன்றுவரை கொண்டாடுகிறார்கள். டார்சி தன் மனத்தை வெளிக்காட்டாதவன், தனக்கே தெரியாமல் காதலில் விழுந்துகொண்டிருப்பவன் என்று பல அத்தியாயங்களில் அவர்கள் அறிந்ததை அந்தக் கை ஒரு நொடியில் உறுதி செய்துவிட்டது.

பி.பி.சி.யின் 1995 தொடரில் இதற்கு இணையான கூட்டல் ஒன்று உண்டு. ஆண்ட்ரூ டேவிஸ் திரைக்கதை எழுதிய அந்தத் தொடரில், டார்சியாக நடித்த கோலின் ஃபர்த் தன் பண்ணைவீட்டுக் குளத்தில் நீந்திவிட்டு நனைந்த சட்டையுடன் வரும்போது எதிர்பாராமல் எலிசபெத்தைச் சந்திப்பார். நாவலில் குளமும் இல்லை, நனைந்த சட்டையும் இல்லை. அவன் ஊரில் இல்லை என்று நம்பி வீட்டைச் சுற்றிப் பார்க்க வந்த எலிசபெத்தின் முன் திடீரென்று வந்து நிற்கிறான், இருவர் முகமும் சிவக்கிறது. ஆஸ்டின் எழுதிய அந்தச் சங்கடத்தை, முறைப்படி உடுத்தாமல் பிடிபட்ட மனிதனாகக் காட்டித் தொடர் கண்ணுக்குப் புலப்படுத்தியது. தழுவலில் 'உண்மையாக இருத்தல்' என்ற சொல்லை நாம் பயன்படுத்தும்போது இத்தகைய மாற்றங்களுக்கும் அதில் இடம் கொடுத்தாக வேண்டும்.

முகம் யாருடையது?

படப்பிடிப்பு தொடங்குவதற்கு முன்பே வாசகர்கள் வாதாடத் தொடங்கும் விஷயம் நடிகர் தேர்வு. நாவலைப் படிக்கும் ஒவ்வொருவரும் மனத்தில் ஒரு முகத்தை வரைந்துகொள்கிறார்கள். அந்த முகம் எந்த நடிகருடையதாகவும் இருக்க முடியாது என்பதால் முதல் அறிவிப்பு எப்போதும் ஓர் இழப்பாகவே வந்து சேர்கிறது. 'ட்வைலைட்' நாயகனாக ராபர்ட் பாட்டின்சன் அறிவிக்கப்பட்டபோது நாவலின் ரசிகர்களில் பலர் கடுமையாக எதிர்த்தார்கள். படம் வந்த பிறகு அந்தப் பாத்திரத்துக்கு வேறொரு முகத்தை நினைத்துப் பார்ப்பதே கடினமாகிவிட்டது.

தமிழில் தொடர்கதை வாசகர்களுக்கு இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையாக இருந்தது. கொத்தமங்கலம் சுப்புவின் 'தில்லானா மோகனாம்பாள்' ஆனந்த விகடனில் தொடராக வந்தபோது கோபுலுவின் ஓவியங்கள் உடன் வந்தன. சண்முகசுந்தரத்துக்கும் மோகனாவுக்கும் வாரந்தோறும் கண்ணால் பார்த்துப் பழகிய முகங்கள் வாசகர்களிடம் இருந்தன. 1968-இல் ஏ.பி. நாகராஜன் அதைப் படமாக்கியபோது சிவாஜி கணேசனும் பத்மினியும் அந்த முகங்களோடு போட்டியிட வேண்டியிருந்தது. அங்கே படத்துக்குக் கைகொடுத்தது, எழுத்தாலும் ஓவியத்தாலும் தர முடியாத ஒன்று. இசையாலும் நடனத்தாலும் வளரும் காதல் அது. நாவல் நாகஸ்வரத்தை விவரிக்கத்தான் முடியும், படமோ மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களின் வாசிப்பைக் காதில் கேட்கவைத்தது. ஓவியத்தில் பார்த்த முகத்தை வாசகர்கள் விட்டுக்கொடுத்ததற்கு, அந்த வாசிப்புக்கு முன்னால் பத்மினி ஆடிய ஆட்டமும் சிவாஜியின் விரலும் கன்னமும் காட்டிய உயிர்ப்பும் ஈடாக அமைந்தன.

உருவ ஒற்றுமை எவ்வளவு முக்கியம்? நான் நினைப்பது, அவ்வளவு முக்கியமில்லை என்பதே. 'கான் வித் த விண்ட்' நாவலின் முதல் வாக்கியமே ஸ்கார்லெட் அழகியல்லள் என்று சொல்லித் தொடங்குகிறது. படத்தில் நடித்த விவியன் லீயோ பேரழகி. வாசகர்கள் அதை மன்னித்தார்கள், ஏனென்றால் ஸ்கார்லெட்டின் பிடிவாதமும் தந்திரமும் அச்சமும் அவர் கண்களில் இருந்தன. வயது மாறுவது சற்று வேறுபட்டது, அது கதையின் காரணங்களையே அசைத்துவிடக்கூடும். கொலீன் ஹூவரின் 'இட் எண்ட்ஸ் வித் அஸ்' நாவலில் கதாநாயகிக்கு 23 வயது. 2024 படத்தில் பாத்திரங்கள் எல்லோரும் சில ஆண்டுகள் மூத்தவர்களாக ஆக்கப்பட்டார்கள். நாயகன் ஒரு நரம்பியல் அறுவை மருத்துவர் என்பதால் இந்த மாற்றம் நம்பகத்தன்மையைக் கூட்டியது. அதே சமயம், வாழ்க்கையை இப்போதுதான் தொடங்கும் இளம்பெண்ணின் தடுமாற்றம் என்று நாவலில் படித்தது, திரையில் அனுபவமுள்ள பெண்ணின் தடுமாற்றமாகத் தோன்றியது.

தனித்தனியாகப் பொருத்தமான இருவர் சேர்ந்து நிற்கும்போது பொருந்தாமல் போகலாம் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். அதனால்தான் காதல் படங்களுக்கு நடிகர்களைத் தேர்ந்தெடுக்கும்போது இருவரையும் ஒன்றாக அமரவைத்து ஒரு காட்சியைப் பேசவைத்துப் பார்க்கும் வழக்கம் இருக்கிறது. ஒருவர் பேசும்போது மற்றவர் எப்படிக் கேட்கிறார் என்பதையே அந்தச் சோதனையில் இயக்குநர்கள் கூர்ந்து கவனிக்கிறார்கள்.

முடிவும் அதற்கு முந்தைய காட்சிகளும்

முடிவை மாற்றுவது வாசகரோடு செய்துகொண்ட உடன்படிக்கையை மீறுவதாகும் என்பதால், வெகுஜனக் காதல் நாவல்களைப் படமாக்குவோர் அதில் எச்சரிக்கையாகவே இருக்கிறார்கள். இணைவை எவ்வளவு காட்டுவது என்பதில்கூடக் கருத்து வேறுபாடு எழுவதுண்டு. 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' 2005 படத்துக்கு இரண்டு முடிவுகள் இருந்தன. பிரிட்டனில் வெளியான வடிவம், எலிசபெத்தின் தந்தை திருமணத்துக்குச் சம்மதம் தருவதோடு நின்றது. அமெரிக்க வடிவத்தில் அதற்குப் பின், திருமணமான இருவரும் இரவு வெளிச்சத்தில் கொஞ்சிப் பேசி முத்தமிடும் காட்சி ஒன்று இருந்தது. ஆஸ்டினை அடக்கத்தின் ஆசிரியராகப் படித்தவர்களுக்கு அந்தக் காட்சி தித்திப்பு மிகுந்ததாகப் பட்டது. இருவரும் சேர்ந்து வாழ்வதை ஒரு கணமாவது பார்த்துவிட வேண்டும் என்று காத்திருந்தவர்களுக்கோ அது இல்லாமல் படம் முடிந்ததாகவே தோன்றவில்லை. ஒரே நாவலின் வாசகர்கள் என்றாலும் எதிர்பார்ப்பு ஒன்றாக இருப்பதில்லை.

துயரத்தில் முடியும் காதல் கதைகளின் வாசகர்களும் இதே அளவு பிடிவாதமானவர்கள். சரத்சந்திரர் எழுதி 1917-இல் வெளிவந்த 'தேவதாஸ்' நாவலை இந்தியாவின் பல மொழிகளில் படமாக்கியிருக்கிறார்கள். 1953-இல் நாகேஸ்வர ராவும் சாவித்திரியும் நடித்த படத்தின் வழியாகவே தமிழர்களில் பலருக்கு அந்தக் கதை அறிமுகம். நாவலில் தேவதாஸை நேசித்த பார்வதியும் சந்திரமுகியும் ஒருவரையொருவர் சந்திப்பதே இல்லை. பிமல் ராய் இயக்கிய 1955 இந்திப் படத்தில் அவர்கள் வழியில் எதிர்ப்படுகிறார்கள், ஒரு பார்வை பரிமாறிக்கொள்கிறார்கள், பேசாமலே கடந்துபோகிறார்கள். 2002-இல் சஞ்சய் லீலா பன்சாலி இருவரையும் ஒரே மேடையில் சேர்ந்து ஆடவைத்தார். நடனமாக அது மறக்க முடியாதது. ஆனால் நாவலை நேசிப்பவன் என்ற முறையில் என் மனம் 1955 படத்தின் பக்கமே சாய்கிறது. ஒரே மனிதனை இழந்த இரு பெண்கள் ஒருவர் துயரை மற்றவர் அறியாமலே வாழ்வதுதான் அந்தக் கதையின் தனிமை. ஒரு பார்வை அதைத் தொட்டுவிட்டு விலகுகிறது, நடனமோ அதை ஆற்றிவிடுகிறது.

வாசகர்கள் மனப்பாடமாக வைத்திருக்கும் வசனங்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. அவற்றை வைத்தே ஆக வேண்டும். தயாரிப்பாளர்களுக்கும் அது தெரியும், முன்னோட்டத்திலேயே சேர்த்துவிடுகிறார்கள். கவனிக்க வேண்டியது, அந்த வசனம் வந்து சேரும் நேரம். அதற்கு முன் நாவலில் இருந்த நீண்ட மௌனம் படத்திலும் இருந்தால் வசனம் பலிக்கிறது. இல்லையென்றால் சொல்லுக்குச் சொல் மாறாமல் இருந்தும் யாரோ ஒப்பிப்பதைப் போல ஒலிக்கிறது.

நாவலாசிரியரே திரைக்கதை எழுதினால் இந்தச் சிக்கல்கள் தீர்ந்துவிடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. ஜோஜோ மோயஸ் தம் 'மீ பிஃபோர் யூ' நாவலுக்குத் தாமே திரைக்கதை எழுதினார். படம் 2016-இல் வந்தது. உரையாடலின் இயல்பும் நகைச்சுவையும் நூலிலிருந்து அப்படியே வந்திருந்தன. ஆனால் நாயகி லூ இளவயதில் ஒரு வன்முறைக்கு ஆளான பகுதி படத்தில் இடம்பெறவில்லை. அவள் ஏன் அந்தச் சிற்றூரை விட்டு நகராமல், தன் உலகத்தை இவ்வளவு சிறியதாகச் சுருக்கிக்கொண்டாள் என்பதற்கு நாவல் தந்த காரணம் அதுதான். அது இல்லாத படத்தில் அவள் வெறுமனே வெகுளியான, ஊர்ப்பற்றுள்ள பெண்ணாகத் தெரிகிறாள். அவளை வெளியுலகுக்குத் தள்ளிவிட நாயகன் வில் செய்யும் முயற்சியும் அந்த அளவுக்கு எடை குறைந்துவிடுகிறது. படத்தின் தொனி இருண்டுவிடக்கூடாது என்ற எண்ணம் நியாயமாகவே இருக்கலாம். எனினும் நூலைப் படித்தவர்கள் அந்தக் காட்சியைத் தேடியது, லூவின் தயக்கம் எங்கிருந்து வருகிறது என்பதை அவர்கள் ஏற்கெனவே அறிந்திருந்ததால்தான்.